பொட்டலத்திலிருந்து புட்டிக்கு: ஒரு சிறு வணிகம் கற்ற பாடம்

நம் சங்கம் தொடங்கப்பட்ட அதே 1975ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் மருந்துகள் சட்டமும் நிறைவேறியது. இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களின் கவலையெல்லாம் ஊரிலிருந்து தனியாக வந்து தங்கியிருந்தவர்களுக்கு உதவுவது, பிள்ளைகளுக்குத் தமிழும் மார்க்கமும் கற்பிப்பது, ஜனாஸா காரியங்களை முன்நின்று கவனிப்பது என்றுதான் இருந்தது. ஆயினும் எங்களைப் போன்ற கடைக்காரக் குடும்பங்களுக்கு அந்தச் சட்டமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த சட்டங்களும் வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன.

பொன்விழா மலருக்கு வணிக வரலாறு ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். மார்க்கெட் ஸ்திரீட் நாணய மாற்றுக்காரர்களைப் பற்றியும், மசாலா வணிகர்களைப் பற்றியும், உணவுக் கடைக்காரர்களைப் பற்றியும் அறிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு சிறு வணிகம்தான். நாட்டு மருந்துப் பொட்டலத்தில் தொடங்கி, இன்று வைட்டமின் புட்டியில் வந்து நிற்கும் வணிகம் அது. அதன் வரலாற்றையும், அதில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம்.

தகரப் பெட்டியில் வந்த கடை

எங்கள் பாட்டனார் 1950களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தவர்கள். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் கப்பலிலிருந்துதான் தொடங்குகிறது. அவர்கள் கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு கைலி, ஒரு தொழுகை விரிப்பு, மீதியெல்லாம் துணியில் கட்டிய பொட்டலங்கள்: கருஞ்சீரகம், சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு, திப்பிலி, பிள்ளை பெற்றவர்களுக்கான லேகியம்.

முதலில் அஞ்சடியில் ஒரு பலகையைப் போட்டு விற்றார்கள். பின்னர் ஒரு மளிகைக் கடையின் ஓரத்தில் இடம் பிடித்தார்கள். பொட்டலத்தின்மேல் எதுவும் எழுதியிருக்காது. என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எவ்வளவு சாப்பிடலாம், எத்தனை நாள் வைக்கலாம் எல்லாமே பாட்டனாரின் வாயிலிருந்துதான் வரும். வாங்குபவர் அவர்களுடைய முகத்தைப் பார்த்து வாங்கினார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாள் வந்து சொல்வார். விற்றவரும் வாங்கியவரும் வெள்ளிக்கிழமை ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள். அன்றைக்கு நம்பிக்கைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சட்டம் அப்போதும் இல்லாமல் இல்லை. மருந்து விற்பனை பற்றிய சட்டம் 1914ஆம் ஆண்டிலும், நச்சுப்பொருள்கள் சட்டம் 1938ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்தவை. 1955ஆம் ஆண்டில் மருந்து விளம்பரம் பற்றிய சட்டமும் வந்தது. ஆனால் அஞ்சடிப் பலகை வரைக்கும் அவற்றின் கண் போகவில்லை. பாட்டனாருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

புழுங்கலரிசியும் வைட்டமினும்

வைட்டமின் என்றால் வெள்ளைக்காரர் நாட்டிலிருந்து வந்த பொருள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் வரலாற்றில் ஒரு பெரிய பகுதி நடந்தது நாம் வாழும் இந்த மண்ணில்தான். அதில் நம் சோற்றுப் பானைக்கும் பங்கு உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் ‘பெரிபெரி’ என்ற நோய் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோனது. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது அதிகம் தாக்கியது. அதே மலாயாவில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் ஊரில் பழகிய புழுங்கலரிசியைச் சாப்பிட்டார்கள். வேறுபாடு அரிசியில்தான் இருக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களிடையே நோய் பரவிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர்களிடையே இதை மீண்டும் சோதித்து, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றுதான் உயிரைக் காக்கிறது என்று உறுதி செய்தார்கள்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்களுக்கு இந்தக் காரணம் தெரியாது, வழக்கம் தெரியும். 1912ஆம் ஆண்டில் காசிமிர் ஃபங்க் என்ற அறிவியலாளர் இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமைன்’ என்று பெயர் சூட்டினார். 1926ஆம் ஆண்டில் ஜாவாவின் பத்தாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி1. 1936ஆம் ஆண்டில் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் நெல்லூர்.

சோற்றிலிருந்த சத்து மாத்திரையானது இப்படித்தான். மாத்திரையானதும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரியும். மாத்திரையைப் பார்த்து எதுவும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குச் செய்தவரின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒருவர்

சட்டம் என்றால் நம் கடைக்காரர்களுக்குப் பொதுவாக எரிச்சல்தான். ‘மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியது’ என்போம். வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. பல விதிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய நோயோ மரணமோ இருக்கிறது.

1978ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘பெர்பெரின்’ என்ற மூலிகைச் சத்து தடை செய்யப்பட்டது. பச்சிளங்குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை வந்ததே காரணம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ஆபத்து என அஞ்சப்பட்டது. பின்னர் ஆராய்ச்சிகள் வளர்ந்ததும் 2013 முதல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. விதி வந்ததும் ஆதாரத்தோடு, தளர்ந்ததும் ஆதாரத்தோடு.

1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபான் என்ற சத்து மாத்திரையைச் சாப்பிட்ட 1,500க்கும் மேற்பட்டவர்களுக்குத் தசைகளையும் நரம்புகளையும் வாட்டிய ஒரு கொடிய நோய் வந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் பெரும்பாலான மாத்திரைகளின் மூலப்பொருள் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்தது கண்டறியப்பட்டது. அப்படியிருந்தும் 1994ஆம் ஆண்டில் அந்நாடு கொண்டுவந்த சட்டம், சத்து மாத்திரைகளை முன்அனுமதி இல்லாமலே விற்க இடம் கொடுத்தது. பதிலுக்கு, ‘இது நோயைக் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ அல்ல’ என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் புட்டியில் அச்சிட வைத்தது.

சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு நடந்தது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ‘ஸ்லிம் 10’ என்ற எடைக் குறைப்பு மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு பெண் கல்லீரல் கெட்டு இறந்தார். தொலைக்காட்சி நடிகை ஒருவர் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையால் உயிர் பிழைத்தார். பொருளின்மேல் எழுதப்படாத வேதிப்பொருள் உள்ளே இருந்தது. இறக்குமதி செய்தவரும் விற்றவரும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. ‘நாங்கள் தயாரிக்கவில்லை, வாங்கித்தான் விற்றோம்’ என்பது காப்பாற்றவில்லை.

2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் 150 பேர் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஆண்களுக்கான வீரிய மாத்திரை என்று சட்டவிரோதமாக விற்கப்பட்டவற்றில் சர்க்கரை நோய்க்கான மருந்து கலந்திருந்ததே காரணம்.

நம் ஊர் மருந்துகளும் இதற்கு விலக்கல்ல. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. அதன்பின் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை இந்திய அரசு 2006 முதல் கட்டாயமாக்கியது.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். மாத்திரைக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் உள்ளே இருப்பதை வெளியே எழுதச் சொல்கிறது சட்டம். எங்களைக் கேட்டால் இரண்டும் ஒரே கட்டளைதான் என்போம். இதை நாங்கள் நூலைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் கடையில் நடந்தது

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்து, தேசிய சேவையும் முடிந்து அத்தாவோடு கடையில் நின்ற காலம். பொட்டலம் விற்ற கடையில் புட்டிகள் வரத் தொடங்கியிருந்தன. கருஞ்சீரக எண்ணெயைக் கேப்சூலாக அடைத்து ஊரில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 600 புட்டிகள் வரவழைத்தோம். நம் மக்களிடையே கருஞ்சீரகத்துக்கு எப்பேர்ப்பட்ட மதிப்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புட்டியின்மேல் கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே ‘சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய்’ என்று ஒரு பட்டியல். எங்களுக்கு அது பெருமையாகவே தெரிந்தது. கண்ணில் படும் இடத்தில் அடுக்கினோம். இரண்டு மாதத்தில் பாதி விற்றுவிட்டது.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு மாமி. பாட்டனார் காலத்திலிருந்து எங்களிடம் வாங்குபவர்கள். மூன்று புட்டி வாங்கிப் போனார்கள். ஒரு நாள் அவர்களுடைய மகன் வந்து காலிப் புட்டியைக் கல்லாவின்மேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

“பாய், இதுல எழுதியிருக்கிறத நம்பி அம்மா சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசமா எங்ககிட்ட சொல்லல. இப்ப கால்ல புண்ணாகி ஆஸ்பத்திரியில இருக்காங்க.”

அத்தா புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர்களால் முழுதாகப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்தான். நாங்கள் படித்தோம், ஆனால் யோசிக்கவில்லை.

மாமிக்கு இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அல்லாஹ்வின் கருணையால் உயிருக்கு ஆபத்தில்லை. அத்தா அன்றே மீதிப் புட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கடை வாசலில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டினோம்: வாங்கியவர்கள் திருப்பித் தந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். பெயர் தெரிந்தவர்களின் வீட்டுக்கே போய்ச் சொன்னோம். அந்த வீட்டுப் படிகளில் ஏறி இறங்கிய நாள்களை எங்களால் மறக்க முடியாது. மாமியைப் பார்க்க அத்தா மருத்துவமனைக்குப் போனபோது, “நீங்க வேணும்னு செய்வீங்களா?” என்றார்கள் மாமி. அதைக் கேட்டு அத்தாவுக்கு ஆறுதல் வரவில்லை. இன்னும் தலைகுனிவுதான் வந்தது.

அந்த நேரத்தில் எந்த அதிகாரியும் எங்கள் கடைக்கு வரவில்லை. நாங்களாகவே உட்கார்ந்து சட்டத்தைப் படித்தோம். சர்க்கரை நோய், புற்றுநோய், காசநோய் போன்றவற்றுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பாட்டனார் அஞ்சடியில் பலகை போட்டிருந்த காலத்திலேயே இருந்த விதி அது. அந்த விதியை நாங்கள் மதித்திருந்தால் மாமியின் விரல்கள் இருந்திருக்கும்.

அத்தாவின் மனத்தில் வேறொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. “நபிமொழியைப் போடக் கூடாதுன்னா, அது எப்படி?” என்று ஹஜ்ரத் ஒருவரிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில் இது: “நபிமொழியில் குறை இல்லை. அதை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது உங்கள் செயல். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நபியவர்கள்தான். மருத்துவத்தை நிறுத்துவதற்கு அவர்கள் பேரை எப்படிச் சாட்சிக்குக் கூப்பிடலாம்?” அத்தா அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரே புட்டி, இரண்டு நாடு

அதற்குப் பிறகுதான் இந்த வணிகத்தை முறையாகக் கற்றோம். இளைய தலைமுறையில் இணையம் வழியாகப் பொருள் வரவழைத்து விற்க நினைப்பவர்கள் பலர் இருப்பதால், கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

சிங்கப்பூரில் மருந்துகளையும் ஊட்டச்சத்துப் பொருள்களையும் கவனிப்பது 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அமைக்கப்பட்ட சுகாதார அறிவியல் ஆணையம். 2007ஆம் ஆண்டில் சுகாதாரப் பொருள்கள் சட்டமும் வந்தது. இங்கே வைட்டமின் மாத்திரை போன்றவற்றை இறக்குமதி செய்யவோ விற்கவோ முன்அனுமதியும் உரிமமும் தேவையில்லை. இதைக் கேட்டுப் பலர் ‘அப்படியானால் விதியே இல்லை’ என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், அரசு முன்கூட்டிப் பார்க்காததால் முழுப் பொறுப்பும் விற்பவர் தலையில் விழுகிறது. ஆர்செனிக் பத்து லட்சத்தில் 5 பங்கு, ஈயம் 10 பங்கு, பாதரசம் அரைப் பங்கு, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கிருமிகளுக்கும் வரம்பு உண்டு. மருத்துவர் சீட்டில் கிடைக்கும் எந்த மருந்தும் கலந்திருக்கக் கூடாது. சத்துகளுக்கும் நாளுக்கு இவ்வளவு என்ற வரம்பு உண்டு. நாங்கள் தொழிலுக்கு வந்தபோது பார்த்த பட்டியலில் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் டி 1,000 ஐ.யூ. என்றிருந்தது. அமெரிக்காவில் 5,000 ஐ.யூ. புட்டி கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக இங்கே கொண்டுவந்து விற்றுவிட முடியாது. ஏ, டி போன்ற வைட்டமின்கள் உடம்பில் தங்குபவை. கூடினால் கேடு செய்பவை.

அதே புட்டி ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டினால் கதை வேறு. மலேசியாவில் 1978ஆம் ஆண்டு பெட்டாலிங் ஜெயாவில் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் அமைந்தது. 2016 முதல் அது தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமை என்ற பெயரில் இயங்குகிறது. 1984ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே பொருளைப் பதிவு செய்த பிறகே விற்க முடியும். முதலில் மருத்துவர் சீட்டு மருந்துகள், பிறகு மற்ற மருந்துகள், 1992 முதல் பாரம்பரிய மருந்துகள் என்று பதிவு படிப்படியாக விரிந்தது. பதிவான பொருளின்மேல் ‘மால்’ என்ற எழுத்துகளும் எட்டு இலக்க எண்ணும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ‘என்’ என்றால் ஊட்டச்சத்துப் பொருள், ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. 2005 முதல் போலியைக் கண்டுபிடிக்கப் பளபளக்கும் பாதுகாப்பு வில்லை ஒட்டும் வழக்கமும் வந்தது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

வெளிநாட்டவர் நேரே பதிவு செய்ய முடியாது. மலேசியாவில் பதிவான நிறுவனம் ஒன்று பொறுப்பேற்க வேண்டும். ஜி.எம்.பி. எனப்படும் நல்ல தயாரிப்பு முறைச் சான்றிதழ், தயாராகும் நாட்டில் அது சட்டப்படி விற்கப்படுகிறது என்ற சான்று, மூலப்பொருள்களின் விவரம், ஆய்வுக்கூட முடிவுகள் எல்லாம் வேண்டும். ஜொகூரிலுள்ள எங்கள் மச்சான் ஒருவரோடு சேர்ந்து முதல் பொருளைப் பதிவு செய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஊரிலிருந்த தயாரிப்பாளர்களில் மூவர், தாள்கள் கேட்டதும் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். நான்காமவர் எல்லாவற்றையும் அனுப்பினார். அவருடைய விலை கூடுதல்தான். ஆனால் யாரிடம் வாங்கக் கூடாது என்பதை அந்தத் தாள்களே எங்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டன.

கேப்சூல் எதனால் ஆனது?

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது. கருஞ்சீரக எண்ணெய் ஹலால். அதை அடைத்திருக்கும் கூடு? அந்த 600 புட்டிகளின் தயாரிப்பாளரிடம் இதைக் கேட்டு எழுதினோம். இன்றுவரை பதில் இல்லை. சர்க்கரை நோய்ப் பட்டியலைவிட இந்த மௌனம்தான் அத்தாவை அதிகம் வாட்டியது என்று சொல்லலாம்.

கேப்சூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. மாட்டின் தோல், எலும்பு, பன்றித் தோல், மீன் ஆகியவற்றிலிருந்து ஜெலட்டின் எடுக்கிறார்கள். மாடாக இருந்தாலும் முறைப்படி அறுத்ததா என்ற கேள்வி மீதம் இருக்கும். செடியின் நாரிலிருந்து செய்யும் கூடுகளும் இப்போது கிடைக்கின்றன. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலுள்ள கொழுப்பிலிருந்து வருகிறது. இவையெல்லாம் புட்டியைப் பார்த்தால் தெரியாது.

மலேசிய விதிகளின்படி விலங்கிலிருந்து வந்த பொருளையும் ஜெலட்டினின் மூலத்தையும் புட்டியின்மேல் எழுத வேண்டும்; பன்றியின் பாகம் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டில் ஹலால் மருந்துகளுக்கென்றே ‘எம்.எஸ். 2424’ என்ற தரநிலையையும் அந்நாடு வெளியிட்டது. சிங்கப்பூரில் முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. ஆனால் சான்றிதழ் வாங்குவது வணிகரின் விருப்பம். ஆகவே சான்று இல்லாத புட்டி ஹராம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கேட்காமல் ஹலால் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கேட்பது வாங்குபவரின் உரிமை. தெரிந்ததைச் சொல்வதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் விற்பவரின் கடமை.

நம் வீடுகளுக்கு

ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் லேகியமும் மாத்திரையும் கொண்டுவராத வீடு நம்மில் குறைவு. சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் கைப்பேசிக் குழுவிலும் விற்பது வேறு. காசு வாங்கிய கணத்தில் நீங்களும் விற்பனையாளர்தான். ‘ஸ்லிம் 10’ வழக்கில் நீதிமன்றத்தில் கேட்ட கேள்வி உங்களையும் கேட்கும்.

வாங்கும்போது புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொருள்களின் பெயரும் அளவும், தொகுதி எண், காலாவதித் தேதி, இறக்குமதி செய்தவர் பெயர் இருக்கின்றனவா? மலேசியாவில் என்றால் ‘மால்’ எண் இருக்கிறதா? நோயைக் குணப்படுத்தும் என்று எழுதியிருந்தால் அதுவே எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் கொடுத்த மாத்திரையை எந்தப் புட்டிக்காகவும் நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் அவ்வப்போது உட்கார்ந்து கேளுங்கள். மாமியின் மகன் நல்ல பிள்ளைதான். அவருக்கும் தெரியவில்லை.

இன்று நம் சங்கத்துப் பிள்ளைகளில் மருந்தியல், உணவு அறிவியல், சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மாதத்தில் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, பெரியவர்கள் கொண்டுவரும் புட்டிகளைப் படித்துச் சொன்னால் போதும். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குச் சங்கம் செய்யக்கூடிய எளிய சேவைகளில் அதுவும் ஒன்றாக இருக்கும். முதல் வாரத்துக்கு வர நாங்கள் தயார்.

பாட்டனார் முகத்தை வைத்து விற்றார்கள். அந்த முகத்தைப் பார்க்காதவர்களுக்கும் நாம் இன்று விற்கிறோம். முகம் சொன்ன உண்மையைத் தாள் சொல்ல வேண்டிய காலம் இது. வணிகத்தில் உண்மையையும் உணவில் ஹலாலையும் உடம்பில் ஆரோக்கியத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.